ஓவியத்தில் ஆள் இல்லாத தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் தமிழ் பேசும் சிலர் ஞாயிறு காலைகளில் கூடி ஓவியம் பார்ப்போம், வரைவோம். அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், மல்லேஸ்வரம் என்று பல பக்கமிருந்தும் வருவார்கள். ஆள் இல்லாத தெருவின் படம் ஒன்றை எடுத்து வைத்தால் போதும், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

ஆளே இல்லாத தெருவுல பார்க்க என்ன இருக்கு?

ஆள் இல்லையே தவிர, ஆட்கள் விட்டுப்போனது எல்லாம் அங்கேயே இருக்கிறது. பாதி இறக்கிய திரை, வாசலில் காயாத தண்ணீர், கடையின் பெயர்ப் பலகை, தேய்ந்த படிக்கட்டு. தெரு என்பது மனிதர்கள் கட்டியது. காட்டில் யாரும் இல்லையென்றால் நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. தெருவில் யாரும் இல்லையென்றால் உடனே “எங்கே போனார்கள்?” என்று மனம் கேட்கிறது. நல்ல ஓவியர் அந்தக் கேள்விக்கான பதிலைப் படத்துக்குள்ளேயே எங்காவது வைத்திருப்பார். அதைத் தேடித்தான் பார்க்கிறோம்.

ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னா எந்தப் படம்?

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1930-ல் வரைந்த ‘ஞாயிறு அதிகாலை’. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 89 செ.மீ. உயரம், 153 செ.மீ. அகலம். சிவப்புச் செங்கல்லால் ஆன இரண்டு மாடி வரிசைக் கட்டடம் ஒன்று படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீள்கிறது. கீழே கடைகள், எல்லாம் மூடியிருக்கின்றன. கடைக் கண்ணாடிகளில் எழுத்து இருப்பது தெரிகிறது, ஆனால் படிக்க முடியாது. மேலே ஜன்னல்கள். ஒன்றில் திரை முழுக்க இறங்கியிருக்கிறது, ஒன்றில் பாதி, இன்னொன்றில் கறுப்பாக உள்ளிருட்டு. நடைபாதையில் ஒரு தீயணைப்புக் குழாய், முடிதிருத்தும் கடையின் கோடு போட்ட கம்பம். இரண்டின் நிழலும் நீளமாகக் கிடக்கிறது.

அந்தத் திரைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் நேற்றிரவு தன் விருப்பத்துக்கு இழுத்து விட்டிருக்கிறார். பத்துப் பேர் தூங்குகிறார்கள் என்பதை ஒருவரைக்கூட வரையாமல் சொல்லியிருக்கிறார் ஹாப்பர். வலது மேல் மூலையில் இருண்ட சதுரம் ஒன்று வானத்தை மறைத்து நிற்பதையும் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். பின்னால் ஓர் உயரமான கட்டடம் எழும்பிவிட்டது. இந்தச் சின்னக் கடைகளுக்கு இனி எத்தனை காலம் என்ற கவலையை அந்தச் சதுரம் கிளப்புகிறது. பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் அபார்ட்மென்ட் எழுவதைப் பார்த்துப் பழகிய பெங்களூர்க்காரருக்கு அதை விளக்கவே வேண்டாம்.

அந்தத் தெரு நிஜமாவே அப்படிக் காலியா இருந்துச்சா?

தெரு நிஜம். அது ஏழாவது அவென்யூ, ஏறக்குறைய இருந்தபடியே வரைந்ததாக ஹாப்பரே சொல்லியிருக்கிறார். ஆனால் மேல்மாடி ஜன்னல் ஒன்றில் முதலில் ஓர் ஆளை வரைந்து, பிறகு அதன் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். தலைப்பில் உள்ள ‘ஞாயிறு’கூட அவர் வைத்ததில்லை. வேறு யாரோ பின்னால் சேர்த்தது, அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்றும் சொன்னார்.

நிழலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏழாவது அவென்யூ வடக்கு தெற்காக ஓடும் சாலை. அப்படியென்றால் காலை வெயில் தெருவுக்குக் குறுக்கே விழ வேண்டும். படத்திலோ நிழல் நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறது. நிஜத் தெருவில் அப்படி விழ வழியில்லை என்று கலை வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலியும் அந்த வெயிலும் அவர் யோசித்து உண்டாக்கியவை. கண்ணில் பட்டதை அப்படியே பதிவதால் மட்டும் இந்த மனநிலை கிடைக்காது என்று நான் நம்புவதற்கு இந்தப் படமே பெரிய காரணம்.

அமைதி எதுல இருந்து வருது? கலரா, நிழலா?

முதலில் கோடுகள். ஹாப்பர் படத்தில் கூரை, ஜன்னல் வரிசை, கடை வரிசை, நடைபாதை விளிம்பு எல்லாமே படுக்கைக் கோடுகள். தெருவை நேர் எதிரே நின்று பார்க்கிறோம். தூரத்தில் குவியும் புள்ளி எதுவும் கண்ணை உள்ளே இழுக்கவில்லை. போக இடமில்லாத கண் நிதானமாக இடமும் வலமும் நகர்கிறது. அந்த நிதானம்தான் பாதி அமைதி.

அடுத்தது வெளிச்சத்தின் சாய்வு. தாழ்ந்த வெயில் என்றால் அதிகாலை அல்லது மாலை. கடை மூடியிருக்கிறது, நிழல் நீளமாக இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தவுடன் “இப்போதுதான் விடிந்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் திறப்பார்கள்” என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பயமில்லாத பதில் கிடைத்துவிட்டது. என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

வண்ணம் மூன்றாவதுதான். சிவப்பும் பச்சையும் அழுத்தமாக இருக்கும் படத்திலும் அமைதி இருக்கலாம், அந்தப் படமே சாட்சி. வண்ணத்தைவிட டோன்தான் வேலை செய்கிறது, அதாவது எது எவ்வளவு வெளிர், எவ்வளவு இருட்டு என்பது. பெரிய பெரிய பரப்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய டோனில் இருந்தால் படம் அடங்கி நிற்கும். துண்டு துண்டாக வெளிச்சமும் இருட்டும் சிதறிக் கிடந்தால் யாரும் இல்லாமலே சந்தைபோல் இரையும்.

எனக்கு இது சோகமாத்தான் தெரியுது. அமைதின்னு சொல்றது தப்பா?

உங்களுக்குத் தோன்றுவது தப்பே இல்லை. ஆனால் பார்த்தவுடன் “தனிமை” என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தனிமை பற்றிய பேச்சை மிகைப்படுத்துகிறார்கள் என்று ஹாப்பரே குறைபட்டிருக்கிறார். அதே ஹாப்பர் 1942-ல் வரைந்த ‘நைட்ஹாக்ஸ்’ படத்தைப் பற்றி, ஒரு பெரிய நகரத்தின் தனிமையைத் தெரியாமலே வரைந்திருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரைவிட்டு வந்து இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் அந்த மூடிய ஜன்னல்களைப் பார்த்துக் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதே படத்தைப் பார்த்து, இரவுப் பணி முடிந்து நேராக வந்த ஒரு நர்ஸ் “அப்பாடா, யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க” என்றார். இருவரும் சரியாகத்தான் பார்த்தார்கள்.

டி சிரிக்கோ படமும் காலித் தெருதான். அதைப் பார்த்தா ஏன் பயமா இருக்கு?

இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ டி சிரிக்கோ 1914-ல் வரைந்த ‘ஒரு தெருவின் மர்மமும் துயரமும்’ படத்தைத்தான் கேட்கிறீர்கள். இடப்பக்கம் வெயிலில் பளீரென்ற வளைவு மண்டபம், வலப்பக்கம் இருட்டான கட்டடம், நடுவே கதவு திறந்த காலி வண்டி. ஒரு சிறுமி வளையம் உருட்டிக்கொண்டு ஓடுகிறாள். அவள் போகும் திசையில், கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஓர் உருவத்தின் நிழல் மட்டும் நீண்டு கிடக்கிறது.

இங்கே மேலே சொன்ன எல்லாம் தலைகீழ். இரண்டு கட்டடங்களின் கோடுகளும் வெவ்வேறு புள்ளிகளில் போய்க் குவிகின்றன, வண்டிக்கு இன்னொரு கணக்கு. நிற்பதற்கு உறுதியான இடம் நமக்குக் கிடைப்பதில்லை. நிழலுக்கு உரியவர் யார் என்றும் தெரியாது. ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் வைக்காமல், கேள்வியை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார். நீண்ட நிழல் இருந்தாலே அமைதி வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

ஒரு ஆள்கூட இருக்கக் கூடாதா?

இருக்கலாம். டச்சு ஓவியர் வெர்மீர் 1658 வாக்கில் வரைந்த ‘சின்னத் தெரு’வில் நான்கு பேர் இருக்கிறார்கள். வாசலில் உட்கார்ந்து தைக்கும் பெண், சந்துக்குள் குனிந்து வேலை செய்யும் பெண், தரையில் மண்டியிட்டு விளையாடும் இரண்டு குழந்தைகள். ஆனாலும் நான் பார்த்த தெருப் படங்களில் அதைவிட அமைதியானது இல்லை.

நால்வரில் ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை, எங்கும் போகவுமில்லை. கையில் இருக்கும் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். தெருவில் ஒருவர் நடந்து வந்தால் அவர் எங்கே போகிறார் என்று கதை தொடங்கிவிடும், தெரு வெறும் பின்னணியாகிவிடும். உட்கார்ந்து வேலை செய்பவர் தெருவோடு சேர்ந்துவிடுகிறார்.

போட்டோ எடுத்தா போதாதா? எதுக்கு வரையணும்?

போட்டோவும் தெருவைக் காலி செய்யும். 1838-ல் புகைப்பட முன்னோடி டாகெர் பாரிஸின் பூல்வார் டு டாம்ப்ல் சாலையை எடுத்த படம் அதற்குப் பழைய சான்று. சாலையில் வண்டியும் ஆளும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். படம் பதியப் பல நிமிடங்கள் ஆனதால் நகர்ந்தது எதுவும் பதியவில்லை. நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவரும், போட்டுவிட்டவரும் மட்டும் தெரிகிறார்கள்.

போட்டோ எடுங்கள், குறிப்புக்கு உதவும். ஆனால் போனில் எடுத்த படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் எல்லாமே ஒரே கூர்மையில் வந்து நிற்கும். எதை விடுவது என்ற முடிவை எடுக்காமல் தப்பித்துவிடுவோம்.

நம்ம ஊர்ல இப்படி யாரும் வரையலையா? நம்ம தெருன்னாலே கூட்டம்தானே?

இந்திய நகரத்தை வரைந்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களைத்தான் வரைந்தார்கள் என்பது உண்மைதான். மும்பையை வரைந்த சுதிர் பட்வர்தனின் தெருக்களில் உழைக்கும் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அது அந்த நகரத்தின் உண்மை. கொல்கத்தாவின் பிகாஷ் பட்டாச்சார்ஜி வேறு மாதிரி. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளையும் மொட்டைமாடிகளையும் சந்துகளையும் வரைந்தவர். 1970களின் தொடக்கத்தில் அந்த இடங்களில் ஒரு பொம்மையை மட்டும் கிடத்தி ஒரு வரிசையே வரைந்தார். நக்சல் காலத்து வன்முறையோடு சேர்த்துப் பலரும் அதைப் பார்க்கிறார்கள். நம் பெங்களூரின் கே. வேங்கடப்பா தெருவை விட்டுவிட்டு ஊட்டியின் மலைகளையும் பனிமூட்டத்தையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். வெளிர் டோன்களை வைத்து அமைதியைக் கட்டுவது எப்படி என்று கற்க அவரைவிட நல்ல வாத்தியார் நமக்கு இல்லை.

எழுத்தில் இது நமக்கு மிகப் பழைய விஷயம். மதுரைக்காஞ்சி அந்நகரத்தின் இரவைச் சாமம் சாமமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. கடை அடைத்து, ஊர் அடங்கி, கள்வரும் காவலரும் மட்டும் விழித்திருக்கும் நேரம் வரை அதில் உண்டு.

பெங்களூர்ல காலித் தெரு எப்போ, எங்க கிடைக்கும்?

ஞாயிறு காலை, சூரியன் உதித்த முதல் ஒன்றரை மணி நேரம். ஜனவரியில் ஆறே முக்காலை ஒட்டியும், ஜூன் தொடக்கத்தில் ஆறுக்குக் கொஞ்சம் முன்பும் உதிக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மளமளவென்று மேலே ஏறிவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் உதித்து ஒரு மணி நேரத்தில் கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும். இரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடும். நியூயார்க்கில் அதே நேரத்தில் இரண்டரை மடங்கை ஒட்டி இருக்கும். அதனால் இங்கே அவகாசம் குறைவு. முதலில் நிழல்களைப் பென்சிலில் குறித்துவிடுங்கள். கட்டடம் எங்கும் போகாது.

இடம் என்றால், மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் கூர்முனை மரமுகப்பு வைத்த பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்கள், காக்ஸ் டவுன் உள்தெருக்கள். கமர்ஷியல் தெருவில் ஷட்டர் வரிசை கிடைக்கும். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் வெயில் நீளவாக்கில் வரும். வடக்கு தெற்கு தெருவில் ஒரு பக்கச் சுவர் மட்டும் ஒளிரும். தூங்குமூஞ்சி மரங்கள் அடர்ந்த தெருவில் நிழல் சல்லடையாகிவிடும். அழகுதான், ஆனால் பழகும்வரை அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வண்டி, ஒயர், ட்ரான்ஸ்பார்மர் எல்லாம் விட்டுடலாமா?

எல்லாவற்றையும் விட்டால் அது பெங்களூராக இருக்காது. எல்லாவற்றையும் வைத்தால் அமைதி இருக்காது. நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர் ஒன்று இருக்கட்டும், கவர் போட்டு மூடியிருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார் என்று அது சொல்லும். காரை மட்டும் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், சுவரின் கீழ்ப்பாதியை முழுசாக விழுங்கிவிடும். தொங்கும் கேபிள்களில் ஒன்றிரண்டு போதும். மெல்லிய கோட்டை இழுத்து, ஈரம் காயும் முன்னே பாதியைத் துடைத்து விடுங்கள். பெயர்ப் பலகை எழுத்துகளைப் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்குங்கள். படிக்க முடிந்தால் கண் அங்கேயே நின்று வாசிக்கத் தொடங்கும்.

நான் வரைஞ்சா காலியாத்தான் இருக்கு, அமைதியா இல்லை. என்ன குறை?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற முடிவு இல்லாமல் இருக்கும், அல்லது யாரோ வாழும் அடையாளம் ஒன்றும் இல்லாமல் இருக்கும். கோலம், செருப்பு, கதவில் மாட்டிய பால் பை, காயப்போட்ட வேட்டி, இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று போதும். நாலைந்து சேர்த்தால் பொருட்காட்சியாகிவிடும்.

நிழலைக் கறுப்பில் போடுவது இன்னொரு பழக்கம். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் நல்ல சாம்பல் வரும். நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் குளிர்ந்த நிழல். வெயில் பட்ட சுவர் அதற்குப் பக்கத்தில் தானாகவே வெதுவெதுப்பாகத் தெரியும்.

லாக்டவுன்ல எல்லாத் தெருவும் காலிதானே? அப்போ ஏன் நல்லாவே இல்லை?

2020-ல் ஹாப்பர் படங்கள் போனுக்குப் போன் பறந்தது நினைவிருக்கிறது. ஆனால் அவர் படத்தில் கடை கொஞ்ச நேரத்தில் திறக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த மார்ச்சில் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வேலை போனவர்கள் ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தெருவின் காலியும் வீட்டுக்குள் இருந்த கவலையும் ஒன்றுதான்.

பந்த் அன்னிக்கும் எங்க தெரு காலியாத்தான் இருந்துச்சு. அதை வரைஞ்சா அமைதியா வருமா?

கேட்டவர் 2016 செப்டம்பரைச் சொன்னார். உச்ச நீதிமன்றத்தின் காவிரி உத்தரவை ஒட்டி 12-ம் தேதி நகரில் கலவரம் வந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளை எரித்தார்கள், பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு வந்தது. காவிரிப் பிரச்சினையில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்த 1991 டிசம்பரையும் பார்த்த பெரியவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலித் தெரு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அமைதி என்று நான் பேசும்போது அவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது.

அதை வரையலாம், வரைய வேண்டும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அதிகாலை வெயிலைப் போட்டு வரைந்தால் பொய்யாகிவிடும். அன்று தெரு காலியானது பட்டப்பகலில். காலடியில் சுருண்ட குட்டை நிழல், அந்த வெயிலில் இறங்கிய ஷட்டர்கள். கடை மூடியிருக்கக் கூடாத நேரத்தில் மூடியிருக்கிறது என்பதை நிழலின் நீளமே சொல்லிவிடும். வெளியே செருப்பு இருக்காது, கொடியில் துணி இருக்காது, பூக்காரரின் தள்ளுவண்டி பாதியில் நிற்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படி வரைந்தார். தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனாலும் பார்த்த எல்லோருக்கும் என்ன நாள் என்று புரிந்தது.

இங்க நேர்ல பார்க்க எங்க போகலாம்?

ஹாப்பரும் வெர்மீரும் இங்கே கிடைக்க மாட்டார்கள். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது, திங்கள் விடுமுறை. ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தைக்கும் போங்கள். குமாரகிருபா சாலையை ஒரு நாள் முழுக்க வண்டிகளுக்கு மூடிவிட்டு, ஓவியர்கள் இருபுறமும் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். பழைய பெங்களூர்த் தெருக்கள் நிறைய விற்பனைக்கு வரும். பல படங்கள் ஏக்கத்தில் தித்தித்துப் போயிருக்கும். நடுவில் ஒன்றிரண்டு நிஜமாகவே நின்று பார்க்க வைக்கும்.

காலையில ஆறு மணிக்குத் தெரு பெருக்கறவங்க இருக்காங்களே. அவங்களை எடுத்துட்டு ‘காலித் தெரு’ன்னு வரையறது சரியா?

இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. பெங்களூரின் எந்தத் தெருவும் காலை ஆறு மணிக்கு உண்மையில் காலியில்லை. பௌரகார்மிகர்கள், அதாவது மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள், அதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். பால், பேப்பர் போடுபவர்களும் அப்படித்தான். நாம் பார்க்கும் சுத்தமான நடைபாதை அவர்கள் அப்போதுதான் பெருக்கி முடித்தது.

ஹாப்பரும் ஓர் ஆளை எடுத்தார், மேலே சொன்னேன். ஆனால் அவர் எடுத்தது ஜன்னலில் நின்றவரை. வேலை செய்துகொண்டிருப்பவரை எடுத்துவிட்டு, அவர் செய்த வேலையின் அழகை மட்டும் வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. வெர்மீர் வழி இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. குனிந்து பெருக்கும் ஒருவர் தெருவின் அமைதியைக் கெடுக்க மாட்டார். அவர் இருந்தார் என்றால் வரையுங்கள். முன்னதாகவே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கன்னடமோ தெலுங்கோ தமிழோ ஏதாவது ஒன்று கைகொடுக்கும். வேண்டாம் என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள். சரி என்றால், முடித்த பிறகு படத்தை அவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.